மாசமாக இருக்கும் வீட்டில் ஆணி அடிக்கலாமா?

வாசகர் ஒருவர், 8 ஜூன் 2024

பழைய மெட்ராஸ் டெரஸ் வீட்டைப் பழுது பார்ப்பது காசைக் கரியாக்கும் வேலை. இடித்துவிட்டு கான்கிரீட் போடுங்கள். அதுவும் வீட்டில் கர்ப்பிணி இருந்தால் சுத்தியலையே கையில் எடுக்காதீர்கள். சாஸ்திரம் பேசவில்லை, பட்டவன் சொல்கிறேன். குழந்தை பிறந்து ஒரு வருஷம் போகட்டும். மாற்றுக்கருத்து இருந்தால் சொல்லுங்கள்.

9 ஜூன் 2024, இரவு

இருக்கிறது. எனக்கு இன்றோடு பதிமூன்று வாரம். நாளை கொத்தனார் வருகிறார்.

வீடு சிந்தாதிரிப்பேட்டையில். பதினான்கு அடி அகலம், எண்பத்தைந்து அடி நீளம், ரயில் பெட்டி மாதிரி. திண்ணை, நடை, கூடம், வானம் பார்த்த முற்றம், பின்கட்டு, கிணறு. 1734 வாக்கில் நெசவாளர்களைக் குடியேற்றி உண்டாக்கிய பேட்டை இது. சின்னத் தறிப் பேட்டைதான் சிந்தாதிரிப்பேட்டை ஆனது என்பார்கள். எங்கள் வீடு அவ்வளவு பழசில்லை. என் கணவருடைய தாத்தாவின் அப்பா வாங்கியது.

இடிக்கச் சொல்வது சுலபம். இரண்டு பக்கமும் பொதுச்சுவர். எங்கள் மேல்தளத்தின் கட்டைகள் அந்தச் சுவர்களில்தான் உட்கார்ந்திருக்கின்றன. நாங்கள் இடித்தால் பக்கத்து வீட்டுக்காரர் கூடத்திலிருந்து நட்சத்திரம் பார்ப்பார்.

ஒரு வருஷம் தள்ளவும் முடியாது. போன டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது கூடத்தில் ஐந்து இடத்தில் ஒழுகியது. மேஸ்திரி ஏணி போட்டுப் பார்த்தார். இரண்டு கட்டைகளின் முனை, சுவருக்குள் போகிற இடத்தில், மக்கிவிட்டது. விரலால் குத்தினால் ரவை மாதிரி உதிர்கிறது. அடுத்த மழைக்குத் தாங்குமா என்று கேட்டேன். "தாங்கும்மா, கீழ மட்டும் யாரும் படுக்காதீங்க" என்றார்.

குழந்தைக்குச் சொல்லியிருக்கும் தேதி டிசம்பர் நடுவில். ஆக, ஜூனில் தொடங்கி அக்டோபருக்குள் முடிக்கிறோம். ஆறரை லட்சம். நான் தணிக்கை அலுவலகத்தில் வேலை செய்கிறவள், கணக்குப் போட்டுத்தான் இறங்கியிருக்கிறேன்.

மாமியாருக்கு, அதாவது அத்தைக்கு, மட்டும் சம்மதம் இல்லை. "மாசமா இருக்கிற வீட்டுல ஒரு ஆணி அடிக்கக் கூடாது." ஏன் அத்தை? "கூடாதுன்னா கூடாது."

11 ஜூன்

மெட்ராஸ் டெரஸ் என்றால் என்ன என்று ஒருவர் கேட்டிருக்கிறார். சுருக்கமாக: சுவரிலிருந்து சுவருக்குத் தேக்குக் கட்டைகளை நெருக்கமாகப் போடுவார்கள். அவற்றின் மேல் சின்னச் சின்ன ஒல்லிச் செங்கல்லைச் செங்குத்தாக நிறுத்தி, மூலைவாட்டில் சுண்ணாம்புச் சாந்து வைத்து ஒட்டிக்கொண்டே போவார்கள். அடியில் பலகை கிடையாது, முட்டு கிடையாது. ஒவ்வொரு வரியும் முந்தின வரியைப் பிடித்துக்கொண்டு நிற்கும். அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து மூன்று நாலு அங்குலம் கொட்டித் தட்டி இறுக்கி, கடைசியில் தட்டையான ஓடு பதிப்பார்கள். கம்பி என்கிற பேச்சே இல்லை.

இது தெரிந்த கொத்தனார் இப்போது எத்தனை பேர் என்று அடுத்த கேள்வி வரும். எங்களுக்கு ஒருவர் கிடைத்தார். அவருக்கு அறுபத்தெட்டு வயது, ஒரு கண்ணில் புரை.

23 ஜூன்

பெயிண்ட் விஷயம். இதில் விளையாட்டு இல்லை, முதல் குழந்தைக்காரிகள் கவனிக்கவும்.

கதவு ஜன்னல் எல்லாம் பச்சை எனாமல். நாலு பூச்சு இருக்கும். பெயிண்டர் வந்ததும் உப்புத்தாளை எடுத்துப் பரபரவென்று தேய்க்கத் தொடங்கினார். நான் கத்திய கத்தலில் அத்தை டீ டம்ளர்களோடு ஓடி வந்துவிட்டார்.

பழைய எனாமல் பெயிண்டில் ஈயம் இருக்கும். நம் நாட்டில் வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2016இல்தான் வந்தது, நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில். அதற்கு முன் பூசியதெல்லாம் சந்தேகக் கேஸ். காய்ந்த பெயிண்டைத் தேய்த்தால் தூசாகி மூச்சில் போகும், கையில் ஒட்டும், சோற்றில் விழும். தாய் ரத்தத்தில் கலந்த ஈயம் நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்குப் போகிறது. உடம்பு அதைக் கால்சியம் என்று நினைத்து எலும்பில் சேர்த்து வைக்குமாம். கர்ப்ப காலத்தில் எலும்பிலிருந்து கால்சியம் எடுக்கும்போது பழைய பாக்கியும் கூடவே வெளியே வரும்.

அதனால் எங்கள் வீட்டுச் சட்டம்: காய்ந்த தேய்ப்பு கிடையாது. தண்ணீர் தெளித்து ஈரமாகத்தான் தேய்க்க வேண்டும். சுரண்டியதை அன்றன்றே மூட்டை கட்ட வேண்டும். துடைப்பம் போடக் கூடாது, ஈரத்துணி. முற்றத்துக்குக் குறுக்கே தரை முதல் மேல் வரை பிளாஸ்டிக் தாள் ஒட்டியாயிற்று. முன்கட்டில் வேலை, பின்கட்டில் நாங்கள். தேய்க்கிற நாட்களில் நான் வீட்டிலேயே இல்லை, பெரம்பூரில் அக்கா வீடு.

"அப்போ அத்தை சொன்னது சரிதானே, முன்னோர்கள் முட்டாள்கள் இல்லை" என்று யாராவது ஆரம்பிப்பீர்கள். ஆரம்பிக்க வேண்டாம். முன்னோர்கள்தான் அந்தப் பெயிண்டை அடித்தார்கள்.

24 ஜூன்

திருத்தம். நாலு பூச்சு இல்லை. ஆசாரி ஓரத்தில் சீவிக் காட்டினார், ஏழு. பச்சைக்குக் கீழே காப்பிக் கலர், அதற்குக் கீழே நீலம். நீலத்தைப் பார்த்ததும் அத்தை கொஞ்ச நேரம் நின்றுவிட்டார். அவர் கல்யாணமாகி வந்தபோது கதவு நீலமாம்.

14 ஜூலை

ஆடி பிறக்க மூன்று நாள். ஆடியில் புதிதாக எதையும் தொடங்க மாட்டேன் என்று மேஸ்திரி சொல்லிவிட்டார். அதனால் அவசர அவசரமாகத் தளத்தில் மக்கின பகுதியைப் பிரித்தாகிவிட்டது. பிரித்தால் அது பழைய வேலை, ஆடியில் தொடரலாம். இதுவும் ஒரு கணக்கு நுணுக்கம்தான், எங்கள் அலுவலகத்தில் பார்த்திருக்கிறேன்.

பிரித்தபோது இரண்டு கட்டை நாலு கட்டை ஆனது. நாலாவதன் நடுவில் ஒரு இரும்புக் கொக்கி, துருவேறி விரல் கனத்துக்கு இருந்தது. மாவு மில் எடைக்கல்லை மாட்டியிருப்பார்களோ என்று நினைத்தேன். வீட்டுக்காரரைத் தூளி போட்டு ஆட்டிய கொக்கியாம். அவருக்கு முன்னால் அவர் அப்பாவையும். அந்தக் கட்டையின் முனை மோசம், வைத்துக்கொள்ள முடியாது. பழைய மரக்காரர் எடைக்கு எடுத்துக்கொண்டு போனார். நாலுக்கும் சேர்த்து ஆயிரத்து எண்ணூறு. வரவில் எழுதிவிட்டேன்.

முற்றத்தில் சுண்ணாம்பு நீற்றுகிறார்கள். தொட்டியில் தண்ணீர் விட்டதும் கொதிக்கிறது, அடுப்பே இல்லாமல். தனியாக ஒரு டிரம்மில் கடுக்காயும் வெல்லமும் ஊறுகிறது. அந்த நீரைச் சாந்தில் கலந்தால் இறுக்கமாகப் பிடிக்குமாம். எறும்பு மயிலாப்பூரிலிருந்தெல்லாம் வந்திருக்கிறது.

இனி சொல்லப்போவதைச் சொல்லலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். ஈரச் சுண்ணாம்பு வாசனை வந்தால் எனக்கு நாக்கில் எச்சில் ஊறுகிறது. நேற்று யாரும் இல்லாத நேரம் சுவரை ஒரு தடவை நக்கிவிட்டேன். எழுதிவிட்டேன், பாரம் இறங்கியது.

15 ஜூலை

அத்தனை பேர் திட்டியும் நலம் விசாரித்தும் எழுதியிருக்கிறீர்கள். டாக்டரிடம் போனேன். ஹீமோகுளோபின் 9.4. கர்ப்ப காலத்தில் 11க்குக் கீழே போனால் ரத்தசோகை. இரும்புச்சத்து குறைந்தவர்களுக்கு மண், சாம்பல், செங்கல், சுண்ணாம்பு தின்னத் தோன்றுவது உண்டு என்றார், சிரிக்காமல். மாத்திரை தந்திருக்கிறார். காப்பி, டீயோடு சேர்த்துப் போடக் கூடாது, எலுமிச்சைச் சாறோடு போட்டால் நல்லது.

நக்கியது புதுப் பூச்சு, பழைய பெயிண்ட் இல்லை. டாக்டருக்கு அதுதான் முதல் கேள்வி. நன்றி, இனி இதைக் கிண்டவேண்டாம்.

(நல்லவேளை, கடுக்காய் டிரம்மை ருசி பார்க்கவில்லை.)

29 ஜூலை

இருபதாவது வார ஸ்கேன் முடிந்தது. எல்லாம் சரியாக இருக்கிறது. வீட்டுக்காரர் வரவில்லை. பதினொன்றரைக்கு ஸ்கேன், பதினொன்றுக்கு எம் சாண்ட் லோடு வந்து தெருவை அடைத்துக்கொண்டு நின்றது. மீன் மார்க்கெட் வண்டிகள் ஒரு பக்கம், டிராஃபிக் போலீஸ் ஒரு பக்கம். நானும் அத்தையும் ஆட்டோவில் போனோம். திரையில் முதுகெலும்பு முத்துச்சரம் மாதிரி தெரிந்தது. அத்தை அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசவில்லை. வெளியே வந்து, "அவன் பார்க்க வேண்டியதை நான் பார்த்துட்டேன்" என்று மட்டும் சொன்னார்.

ஆணா பெண்ணா என்று எந்த ஸ்கேன் சென்டரிலும் சொல்ல மாட்டார்கள், 1994 சட்டம். எங்கள் சித்தாள் அக்காவுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. வயிறு கூர்ந்திருக்கிறது, பையன் என்று தீர்ப்பு சொல்லியாயிற்று.

அந்த அக்காவைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். திருவண்ணாமலைப் பக்கம். தலையில் சும்மாடு, அதன் மேல் பாண்டு, அதில் பன்னிரண்டு செங்கல். நான் மின்விசிறிக்குக் கீழே நாற்காலியில் உட்கார்ந்து, தூசு எவ்வளவு தூரம் வருகிறது என்று மேற்பார்வை. "பெரியவன் வயித்துல இருக்கிறப்போ ஒம்பதாம் மாசம் வரைக்கும் ஜல்லி தூக்கினேன் பாப்பா" என்றார் ஒரு நாள். குத்திக் காட்டவில்லை, சும்மா பேச்சுவாக்கில். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் பதினெட்டாயிரம் தருகிறார்களே, வாங்கினீர்களா என்று கேட்டேன். சின்னவளுக்கு வாங்கினாராம். பணமும் சத்து மாவுப் பெட்டகமும் வந்ததாம். பணத்தில் பாதி கந்து வட்டிக்குப் போயிற்று.

முகமூடி வாங்கி எல்லோருக்கும் கொடுத்திருக்கிறேன். ஈயத் தூசு என் குழந்தைக்கு மட்டும்தான் கெடுதல் என்கிற மாதிரி ஜூன் 23 குறிப்பை எழுதியிருக்கிறேன், இப்போது படித்தால் தெரிகிறது. பெயிண்டரைப் பற்றி ஒரு வரி இல்லை.

25 ஆகஸ்ட்

கூடத்துத் தளம் மூடியது. கொத்தனார் பெரியவர் சாரத்தில் குந்தி உட்கார்ந்து, கல்லை மூலைவாட்டில் ஒவ்வொன்றாக ஒட்டிக்கொண்டே போனதை ஒரு மணி நேரம் பார்த்தேன். ஒட்டிவிட்டுக் கையை எடுப்பார். விழாது. ஒவ்வொரு தடவையும் விழும் என்று நான் நினைப்பேன்.

பிறகு மூன்று நாள் தட்டினார்கள். மரக்கட்டையால், வரிசையாக உட்கார்ந்து. முன்பெல்லாம் பத்துப் பன்னிரண்டு பெண்கள் பாட்டுப் பாடிக்கொண்டே தட்டுவார்களாம். எங்களுக்கு மூன்று பேர், ஒரு செல்போன். தாளம் தப்பாமல் டக் டக் என்று மேலே கேட்கும்போது உள்ளே உதைக்கிறது. அத்தை வயிற்றில் கை வைத்துப் பார்த்து, "மேஸ்திரிதான் பிறக்கப் போறான்" என்றார். எனக்கென்னவோ சத்தம் தாங்காமல் திட்டுகிறது என்றுதான் பட்டது.

கரையான் மருந்து அடித்தார்கள், எனக்கு மறுபடியும் பெரம்பூர் வாசம். அக்கா வீட்டில் எனக்கென்று ஒரு தலையணையே வைத்துவிட்டார்கள்.

இடிபாட்டைத் தெருவில் கொட்டினால் அபராதம். 1913க்குப் போன் செய்து மாநகராட்சி மூலம் எடுத்துப் போகச் சொல்லலாம். எங்கள் மேஸ்திரி, "அதெல்லாம் எதுக்கும்மா, ராத்திரி கூவம் ஓரமா" என்று இழுத்தார். அந்தக் கதை அங்கேயே முடிந்தது.

9 செப்டம்பர்

நேற்று வளைகாப்பு. பிள்ளையார் சதுர்த்திக்கு மறுநாள் ஞாயிறு. கூடத்தில் தளம் இருந்தது, தரை இல்லை. சிமெண்ட் மூட்டைகளை ஒரு மூலையில் அடுக்கி ஜமக்காளம் போட்டு மூடினோம். வந்தவர்களில் இரண்டு பேர் அதன் மேல் உட்கார்ந்துவிட்டார்கள், நல்ல மெத்தை என்று. ஐந்து வகைச் சாதம். புளியோதரையில் ஒரு சின்ன ஜல்லி என் பல்லில்.

கண்ணாடி வளையல் இரண்டு கையிலும் முழங்கை வரை. சித்தாள் அக்காவும் வந்து ஒரு ஜோடி பச்சை போட்டுவிட்டார். வேலை நாள் சேலை இல்லை, பட்டு. முதலில் அடையாளமே தெரியவில்லை.

பிரச்சினை சாயங்காலம். தலைச்சன் பிரசவம் தாய் வீட்டில்தான். அம்மா அரக்கோணத்துக்கு அழைத்துப்போக மூட்டையோடு வந்திருக்கிறார். எனக்கு டாக்டர் இங்கே, ஆபீஸ் இங்கே, மேஸ்திரி இங்கே. "வீடா, குழந்தையா, எது உனக்கு முக்கியம்?" என்றார் அம்மா, எல்லோர் முன்னாலும். இரண்டும்தான் என்றேன். அத்தை வாயைத் திறக்கவில்லை, காப்பி கலக்கப் போய்விட்டார். நான்கு நாள் அரக்கோணத்தில் இருந்துவிட்டு வருகிறேன் என்று சமாதானம்.

14 செப்டம்பர்

திரும்பி வந்துவிட்டேன். நாலே நாளில் பின்கட்டில் கேட்காமல் ஒரு சுவருக்கு சிமெண்ட் பூசியிருக்கிறார்கள். சுண்ணாம்புச் சுவருக்கு மேல் சிமெண்ட் பூசினால் உள்ளே ஏறும் ஓதம் வெளியே வர வழியில்லாமல் போகும். உப்புப் பூத்து, இரண்டு மழையில் பூச்சு பப்படம் மாதிரி எழும்பும். கொத்திவிட்டு மறுபடி பூச வேண்டும். பதினொன்றாயிரம் தண்டம். அம்மாவிடம் இதைச் சொல்லவில்லை.

22 செப்டம்பர்

எட்டு லட்சத்து நாற்பதாயிரம். ஜூன் 9 குறிப்பில் "கணக்குப் போட்டுத்தான்" என்று எழுதியவள் யார் என்று தெரியவில்லை.

எதில் ஏறியது: கட்டை இரண்டு நாலானது. வயரிங் முழுக்க மாற்றல். மரப்பட்டிக்குள் ஓடிய பழைய வயர், வீட்டிலேயே எர்த் என்பது கிடையாது. இத்தனை வருஷம் யாருக்கும் ஷாக் அடிக்காதது முருகன் செயல். இப்போது மின்கசிவு வந்தால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. போட்டாகிவிட்டது, இதில் மட்டும் கஞ்சத்தனம் பண்ணாதீர்கள். தவழும் குழந்தை கையை எங்கே வைக்கும் என்று பிளக் பாயிண்டைப் பார்த்தாலே தெரியும். குழாய்ச் சாமான்களைச் செம்புதாஸ் தெருவில் வாங்கியதில் கொஞ்சம் மிச்சம். மிச்சத்தை ஆட்டோவுக்குக் கொடுத்தோம்.

16 அக்டோபர்

நேற்றுக் காலை முதல் மழை. வேளச்சேரி மேம்பாலத்தில் கார்களை வரிசையாக ஏற்றி நிறுத்தியிருந்த படத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். எங்களிடம் கார் இல்லை, வீட்டை எந்தப் பாலத்தில் ஏற்றுவது?

ஆயுத பூஜைக்குப் பொரியும் போனஸும் வாங்கிக்கொண்டு போனவர்கள் இன்னும் வரவில்லை. பின்கட்டில் கழிவறைக்கு மேலே தார்ப்பாய்தான் கூரை. ராத்திரி முழுக்க அதில் தேங்கும் தண்ணீரை வீட்டுக்காரர் கழியால் குத்திக் குத்தித் தள்ளினார்.

கூடம்? ஒரு சொட்டு இல்லை. அரை மணிக்கு ஒரு தடவை டார்ச் அடித்துப் பார்த்தேன். அப்புறம் இரண்டு மணிக்குச் சுவரோரமாக ஒரு கோடு. பெரியவர் போட்ட தளத்தில் இல்லை. ஏ.சி. குழாய்க்கென்று எலக்ட்ரீஷியன் பையன் போட்ட ஓட்டையில். சுற்றி அடைக்கவே இல்லை. பழைய துணியைத் திணித்துவிட்டுப் படுத்தோம்.

இன்று சிவப்பு எச்சரிக்கை என்றார்கள், பெரிதாக ஒன்றும் பெய்யவில்லை. பால் பாக்கெட் நேற்றே எட்டு வாங்கி வைத்தோம். இப்போது வீடு முழுக்கத் தயிர்.

17 அக்டோபர்

வீட்டுக்காரர் இதையெல்லாம் முதல்முறையாக உட்கார்ந்து படித்தார். அவர் சொல்லும் திருத்தங்கள்: (அ) தார்ப்பாயில் தண்ணீர் தள்ளியது ராத்திரி முழுக்க இல்லை, மூன்று மணிக்குத் தூங்கிவிட்டார். (ஆ) ஏ.சி. ஓட்டையை அந்த இடத்தில் போடச் சொன்னது நான்தான். (இ) ஸ்கேனுக்கு வராததற்கு லோடு வண்டி காரணம் இல்லை. வண்டியை விட்டுவிட்டு வந்திருக்கலாம். வரவில்லை, அவ்வளவுதான்.

மூன்றாவதை அவரே தட்டச்சு செய்தார். நான் அழிக்கவில்லை.

2 நவம்பர்

தீபாவளி ஆயிற்று. முப்பத்து நாலாவது வாரம். கழிவறை இன்னும் முடியவில்லை. டைல்ஸ் போடுகிற பையன்கள் சத் பூஜைக்குப் பீகார் போய்விட்டார்கள், பத்தாம் தேதிக்கு மேல்தான் வருவார்கள். பழைய குந்து கழிவறைதான் இருக்கிறது. எட்டாம் மாத வயிற்றோடு குந்தி எழுந்திருப்பதை நான் வர்ணிக்கப் போவதில்லை. ராத்திரி மூன்று தடவை, கையில் குடை.

யாராவது இதே நிலைமையில் இருந்தால்: முதலில் கழிவறை. தளம், கதவு, பரம்பரை, தேக்கு எல்லாம் அப்புறம். வழுக்காத தரை, உட்காரும் வசதி, சுவரில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி. நான் செலவு குறைவான வேலை என்று கடைசியில் வைத்தேன். திட்டம் போட்டவள் அப்போது மூன்றாம் மாதத்தில் இருந்தாள், எட்டாம் மாதத்துக்காரியைக் கேட்கவில்லை.

முதல் வாசகருக்குப் பாதி மார்க் தருகிறேன். இடிக்கச் சொன்னதற்கு இல்லை, மற்றதற்கு.

அத்தையிடம் நேற்று மறுபடி கேட்டேன். ஏன் கூடாது என்று சொன்னீர்கள்? சட்னிக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. "உன் புருஷன் வயித்துல இருக்கும்போது மாமனார் பின்கட்டைக் கட்டினார். எட்டு ஆளு. ஆளுக்கு நாலு வேளை டீ யாரு போட்டது? மாசமா இருந்த நான். வீட்டுல வேலை நடந்தா மாசமா இருக்கிறவளுக்கு ரெண்டு வேலை. அதான் கூடாதுன்னேன்."

இதை ஜூனிலேயே சொல்லியிருக்கலாமே என்றேன். "சொன்னா, டீயை நான் போட்டுக்குறேன்னு சொல்லியிருப்பே."

3 நவம்பர்

தூக்கம் வரவில்லை. செலவு நோட்டை எடுத்துப் பார்த்தேன். சிமெண்ட், எம் சாண்ட், சுண்ணாம்பு, வெல்லம், எறும்புப் பொடி வரை எழுதியிருக்கிறேன். ஜூன் 10 முதல் சராசரியாக ஆறு பேர், தினம் இரண்டு வேளை டீ, ஏறக்குறைய நூறு வேலை நாள். ஆயிரத்து இருநூறு டம்ளர். பால் மட்டும் மளிகைக் கணக்கில் போயிருக்கிறது. போட்டவர் எந்தக் கணக்கிலும் இல்லை. எனக்கு ஒரு டம்ளர்கூடப் போட விட்டதில்லை, நானும் கவனித்ததில்லை. அவருக்கு அறுபத்தாறு வயது, முட்டி வலி.

இன்று முதல் வீட்டுக்காரர் டீ. ஆட்களில் ஒருவர் இரண்டாம் வேளையிலிருந்து வெளியே கடைக்குப் போய்விட்டார்.

19 நவம்பர்

கழிவறை முடிந்தது. போட்டோ போடச் சொல்லாதீர்கள். கம்பியைப் பிடித்துக்கொண்டு பத்து நிமிஷம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

ஆஸ்பத்திரியில் பிக்மி எண் கேட்டார்கள், கர்ப்பிணிகளை அரசிடம் பதிந்து வாங்கும் எண். எனக்கு மார்ச்சிலிருந்து ஞாபகம் இருப்பதெல்லாம் ஈ.பி. இணைப்பு எண்தான். ஆன்லைனில் பதிந்து வாங்கியாகிவிட்டது. அது இல்லாமல் பிறப்புச் சான்றிதழுக்கு அலைய வேண்டியிருக்கும், முன்கூட்டியே வாங்கிவிடுங்கள்.

26 வார விடுப்பில் எட்டு வாரம் வரை பிரசவத்துக்கு முன்பே எடுக்கலாம். நான் ஒன்றுகூட எடுக்கவில்லை, எல்லாவற்றையும் பிறகு வைத்துக்கொள்ள. இதுவும் மூன்றாம் மாதத்துக்காரி போட்ட திட்டம். திட்டம் மாறியது, திங்கள் முதல் வீட்டில் இருக்கிறேன்.

1 டிசம்பர், காலை

ஃபெஞ்சல் புயல். நேற்று முழுக்கக் கொட்டியது. மத்தியானம் விமான நிலையத்தையே மூடிவிட்டார்கள். அம்மா முந்தின நாளே அரக்கோணத்திலிருந்து மின்சார ரயிலில் வந்து சேர்ந்துவிட்டார். "நீ வரமாட்டே, நான் வந்துட்டேன்" என்று வாசலிலேயே சொல்லிவிட்டு நேராக அடுக்களைக்குப் போனார்.

கூடத்தில் நடுவில் பாய் போட்டு மூன்று பெண்களும் படுத்தோம். மக்கின கட்டை இருந்த இடத்துக்கு நேர் கீழே. காய்ந்த தரை. அம்மா மேலே பார்த்து, "இதுக்குத்தான் அவ்வளவு ஆட்டமா?" என்றார். அப்புறம் கொஞ்ச நேரம் கழித்து, "நல்லாத்தான் இருக்கு."

ஏ.சி. ஓட்டை? ஒழுகியது.

6 டிசம்பர்

நேற்று அதிகாலை 4.20. பெண். இரண்டு கிலோ எண்ணூறு. நான் நலம். சித்தாள் அக்காவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். வயிறு கூர்ந்துதான் இருந்தது, குழந்தை ஏமாற்றிவிட்டது என்கிறார்.

14 டிசம்பர், இரவு

வீட்டுக்கு வந்து ஐந்து நாள். தூக்கம் பற்றி எழுத எனக்குத் தகுதி இல்லை. பெயிண்ட் வேலை பொங்கலுக்கு அப்புறம் என்று நிறுத்திவிட்டோம், வாசனை வேண்டாம். சுவர் வெறும் சுண்ணாம்பு வெள்ளை, கதவுகள் சீவின மரம். ஒரே ஒரு கதவில் மட்டும் ஓரமாக ஒரு கை அகலத்துக்கு நீலத்தை விட்டு வைத்திருக்கிறார் ஆசாரி. யார் சொல்லி என்று கேட்கவில்லை.

நேற்றுக் கார்த்திகை. பிறப்புத் தீட்டு என்று எங்கள் மாடத்தில் விளக்கில்லை. தெருவே எரிந்தது, நாங்கள் திண்ணையில் உட்கார்ந்து மற்றவர்கள் விளக்கைப் பார்த்தோம். முந்தின நாள் பெய்த மழையில் திண்ணை இன்னும் சில்லென்று இருந்தது.

நாளை பதினோராம் நாள். புண்ணியாகவாசனம், பேர் வைத்தல், தூளி போடுதல். தூளிக்குப் பழைய வேட்டியைத் துவைத்து வைத்தாயிற்று. எதில் மாட்டுவது என்று நான் மேலே பார்த்தேன். நாலு புதுக் கட்டை, வழவழவென்று, ஒன்றிலும் கொக்கி இல்லை. ஸ்டீல் தொட்டில் ஆன்லைனில் தேடினேன், நாளைக்குள் வராது.

அத்தை பீரோவைத் திறந்து, பட்டுச் சேலைகளுக்கு அடியிலிருந்து ஒரு துணிப்பொட்டலத்தை எடுத்தார். எண்ணெய் போட்டுத் துடைத்த இரும்புக் கொக்கி. ஜூலையில் மரக்காரர் வண்டியில் ஏற்றும்போது ஆசாரியைக் கூப்பிட்டுக் கழற்றி வாங்கிக்கொண்டாராம். இருபது ரூபாய் கொடுத்தாராம், அதுவும் நோட்டில் இல்லை.

"மாசமா இருக்கிற வீட்டுல ஆணி அடிக்கக் கூடாதே அத்தை" என்றேன்.

"இப்போ யாரு மாசமா இருக்கா?" என்று கேட்டுவிட்டு, போனை எடுத்து ஆசாரியைக் கூப்பிட்டார். காலை ஏழு மணிக்கு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார் ஆசாரி. ஏழு என்றால் பத்து. நல்ல நேரம் பத்தே காலுக்கு முடிகிறது.